பத்தரைக்குள் புறப்பட்ட கார்

ஒச்சப்பன் சேவுகம்பட்டிக்காரர். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்த முத்துச்சாமிக்கு ஒன்பது வருஷமாக டிரைவர். மனைவியும் நான்கு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

1961ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி தன் மகனுக்குப் பெண் பார்க்கக் கொடைக்கானல் போக வேண்டும். பழைய பிளஷர் கார். ஸ்டியரிங் இரண்டு விரற்கடை சும்மா ஆடி, அதற்குப் பிறகுதான் சக்கரத்தைத் திருப்பும். சமவெளியில் சமாளிக்கலாம், மலை வளைவில் முடியாது. விடிந்ததுமே ஒச்சப்பன் முதலாளி வீட்டு முற்றத்தில் வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டார்.

ஸ்டியரிங்கோடு சேர்ந்து நகரும் பல்சட்டம் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடிக்கும் மூடிக்கடியில் காகிதக் கனத்தில் தகடுகள் இருக்கும். ஒரு தகட்டை எடுத்தால் பிடி இறுகும். ஒச்சப்பன் இரண்டை எடுத்தார். ஆட்டம் நின்றது.

"முடிஞ்சிருச்சுல்ல? எறக்குலே. மணி பத்தாச்சு, பத்தரைக்கு ராகு காலம்" என்றார், மனைவி, மகனோடு கிளம்பி முற்றத்தில் நின்ற முத்துச்சாமி.

ஒச்சப்பன் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பார்த்தார். ஓரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்த பிறகே திரும்பி வந்தது. பல்சட்டம் நடுவில் தேய்ந்திருந்தது, ஓரத்தில் தேயவில்லை. நடுவுக்குச் சரியான பிடி ஓரத்தை நெரித்தது.

"ஒரு தகட்டத் திருப்பி வைக்கணும் மொதலாளி. அரை மணி நேரம் குடுங்க."

"நேராத்தான போகுது?"

"ரோடு நேராப் போகலயே."

"ஒம்பது வருசமா எஞ்சோத்தத் தின்னுட்டு எனக்கே நக்கலா? எடுக்கிறியா, சாவியக் குடுக்கிறியா?"

சாவியைக் கொடுத்தால் ஒச்சப்பன் வீட்டில் அடுப்பு எரியாது. வண்டியை எடுத்தால் காரில் வரும் நாலு உயிர் போகும்.

"இப்படியே மலைக்கு எடுக்க மாட்டேன்" என்றார்.

முத்துச்சாமி ஒரு வழி கண்டுபிடித்தார். பத்தரைக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டால் புறப்பட்டதாகவே கணக்கு. அப்புறம் தெருவில் நிறுத்தி எதையும் கழற்றிக்கொள்ளலாம். பஞ்சாங்கத்தை ஏமாற்றும் இந்த வித்தைக்குப் பக்தி என்று பெயர். ஜாக்கியை இறக்கினார்கள். மனைவி சிவனம்மாளும் மகனும் பூ, பழத் தட்டோடு பின்னால் உட்கார, முத்துச்சாமி தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது, மண்டி ஆட்கள் தள்ளினார்கள்.

"ரொம்ப ஒடிக்காதீங்க, மொதலாளி" என்று ஒச்சப்பன் கூடவே நடந்தார்.

வாசலை விட்டதும் சரிவு. தெரு குறுகல். முழுக்க ஒடித்தால்தான் திரும்ப முடியும். முத்துச்சாமி ஒடித்தார். ஸ்டியரிங் அங்கேயே நின்றது. இழுத்தார், வரவில்லை. வண்டி தானாக உருண்டது. பதற்றத்தில் அவர் கால் பிரேக்கைத் தேடிக் கிளட்சை மிதித்தது. ஒச்சப்பன் ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு முன்னால் கல்லைப் போட்டார். முன்சக்கரம் சாக்கடை விளிம்பில் நின்றது. தட்டிலிருந்த பழமெல்லாம் உள்ளே உருண்டது.

சிவனம்மாள் கேட்டார்: "ஏங்க, மலையிலயும் பக்கத்துல சாக்கடைதான் இருக்குமா?"

முத்துச்சாமி மனைவியைப் பார்க்கவில்லை. "எவன் கண்ணோ பட்டிருச்சு. எலுமிச்சம்பழம் கொண்டாங்கப்பா."

சரிவில் ஜாக்கி நிற்காமல் அரை மணி வேலை இழுத்து, அந்த ராகு காலம் முழுக்க ஒச்சப்பன் நடுத்தெருவில் வேலை பார்த்தார். புறப்பட்ட வண்டி வீட்டுக்குள் திரும்பக் கூடாதாம். ஒரு தகட்டை வைத்தார், ஒடித்துப் பார்த்தார், மூடியை இறுக்கினார். வெயிலில் மூன்று பேரும் காருக்குள்ளேயே வெந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டு அத்தனை வளைவுகளையும் ஏறினார்கள். பெண்ணும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் மாலை திரும்பியதும் முத்துச்சாமி கையை நீட்டினார். "சாவியக் குடு. பொம்பளைக்கு முன்னால எதுத்துப் பேசுற ஆளு எனக்கு ஆகாது."

சிவனம்மாள் பக்கத்திலேயே நின்றார். "ஏங்க" என்றார், நீட்டிய கை மடங்கவில்லை. பிழைத்த உயிருக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

ஒச்சப்பன் சாவியைக் கொடுத்தார். "மறுபடி தேஞ்சு ஆட்டம் குடுக்கும். அடுத்து வர்ற டிரைவர்கிட்ட மட்டும் சொல்லிருங்க, ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாக்காம மலைக்கு எடுக்க வேணாம்னு."