குவைத் மெஷினுக்கு எந்த நாடு?

நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில், ஒரு சாமானை எந்த நாட்டில் செய்தார்கள் என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. யார் எங்கிருந்து கொண்டுவந்தார்களோ, அதுதான் அதன் ஊர். துபாய்க்குப் போனவர் கொண்டுவந்தால் துபாய் டார்ச். அதன் பின்னால் சைனா என்று இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அது துபாய் டார்ச்தான். குவைத்தில் வீட்டு வேலை செய்த என் நாத்தனார் கொடுத்த தையல் மெஷினும் அப்படித்தான் குவைத் மெஷின் ஆயிற்று.

அதை நம்பித்தான் நான் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டேன். மாமியாருக்குப் பிடிக்கவே இல்லை. “தச்சு என்னத்த கிழிக்கப் போறா, பாப்போம்” என்று என் காதுபடவே சொல்வார். அதனால் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா தன் மகளின் கல்யாண ஜாக்கெட்டை என்னிடம் கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் லுணுகலை டவுன்காரர்கள். மணவறையில் அந்த ஜாக்கெட்டைப் பார்த்து நாலு பேர் என்னைத் தேடி வந்தால் நான் பிழைத்தேன். வராவிட்டால் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

கல்யாணம் நெருங்கிய வாரத்தில் மெஷினில் அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸ் உடைந்தது. கழுத்துகூட வெட்டி முடியவில்லை. பஸ் ஏறிப் பதுளையில் மெஷின் சாமான் கடைக்கு ஓடினேன்.

“குவைத் மெஷினுக்கு ஒரு பாபின் கேஸ் குடுங்க.”

கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “குவைத்துல எங்கக்கா மெஷின் செய்றாங்க? கம்பெனி பேரச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“அது ஜப்பான் கம்பெனி. ஆனா எல்லாத்தையும் ஜப்பான்ல செய்யிறதில்ல. அடியில நாட்டுப் பேரு போட்ட தகடு இருக்குமே, பாத்தீங்களா?”

யார் பார்த்தது? உடைந்ததையாவது கொண்டுவந்தீர்களா என்றான். அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். குவைத் மெஷின் என்றால் உலகத்துக்கே தெரியும் என்று நினைத்த என் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது! வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் மெஷினைக் கவிழ்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“தாய்லாந்துன்னு இருக்கு. இரு இரு, மோட்டர்ல சைனான்னு இருக்கு. எதச் சொல்ல?”

“அப்ப இது எந்த நாட்டு மெஷின்தான் தம்பி?” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கடைசியா எங்க வச்சு எல்லாத்தையும் சேத்துப் பூட்டுறாங்களோ, பெரும்பாலும் அந்த நாட்டுப் பேரத்தான் அடிப்பாங்கக்கா. உள்ள இருக்கிற சாமான் நாலு எடத்துலேருந்து வரும். பேர வச்சு நான் எப்பிடிக் குடுக்கிறது?”

கடைசியில் அவன் ஒரு குத்துமதிப்பாக எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தேன். பொருந்தவில்லை. மறுநாள் போயா தினம், பௌர்ணமி லீவு, கடை பூட்டு; அதற்கு அடுத்த நாள் கல்யாணம். பேர் போட்டுக்கொள்ள இத்தனை நாடு இருக்கிறது, உடைந்தால் கைகொடுக்க ஒன்றுகூட இல்லை! நாத்தனார், ஜப்பான், தாய்லாந்து, சைனா என்று ஒருவர் விடாமல் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே முழு ஜாக்கெட்டையும் கையால் தைத்து முடித்தேன்.

மணவறையில் பெண் அவ்வளவு அழகாக இருந்தாள். ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை ஜாக்கெட் கையைத் தொட்டுப் பார்த்து, “எங்க தச்சது?” என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பக்கத்துக் காம்பரா அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“கொழும்பு ஜாக்கெட்டுங்க” என்றார் பெருமையாக.

துணி மட்டும்தான் கொழும்பில் எடுத்தது. அக்காவின் மகன் அங்கே புறக்கோட்டைக் கடையில் வாங்கி வந்தான். அதன் கரையிலும் இந்தியா என்றுதான் அச்சடித்திருந்தது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று நடுவில் புகுந்துவிட்டேன்.

“கொழும்பு இல்லீங்க, நான்தான் தச்சேன்! இந்தா பாருங்க, வெரலெல்லாம் ஊசி குத்தியிருக்கிறத!”

அந்த அம்மா என் கையைப் பிடித்து ஆசையாகத் தடவினார்.

“அடடே, நீங்கதானா அது! கொழும்புல எந்தப் பக்கம் கட வச்சிருக்கீங்க?”