பெஸ்டோவும் டோஃபுவும் நானும்

கண்டியில் இத்தாலியச் சமையலைப் பிழைப்பாகக் கொண்டவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, "இது நூடுல்ஸ் இல்லைங்க" என்று முகம் கோணாமல் சொல்லுவது.

அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் அந்தக் கஷ்டம் புரியும். நான் ஜெனோவா நகரத்தில் ஒரு வீட்டில் சில வருடங்கள் சமையல் வேலை பார்த்தேன். திரும்பி வந்து மஹியாவையில் என் வீட்டு முன்னறையிலேயே ஓடருக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். பெரிய சமையல் ஒன்றுமில்லை. பாஸ்தா அவிப்பேன். பேசில் என்கிற இலையோடு பூண்டு, கஜு என்று இங்கே சொல்லும் முந்திரிப்பருப்பு, எண்ணெய் சேர்த்து அரைப்பேன். அந்தப் பச்சைத் துவையல்தான் பெஸ்டோ. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சீஸுக்குப் பதிலாக டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரைத்து எடுக்கிற கட்டி. எனக்கு உதவி செல்வி. பன்விலவிலிருந்து பஸ்ஸில் வருவாள், இரண்டு பிள்ளைகளின் தாய், கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

இந்தத் தொழிலில் திட்டு வாங்கிய கதைகளை எழுதினால் முடியாது. நான் வாயடைத்து நின்ற சில நேரங்களை மட்டும் சொல்கிறேன்.

பலூடாவுக்குள் இருந்த செடி

ஆரம்பத்தில் எனக்குப் பெரிய தலைவலி பேசில் இலைதான். பெரிய கடைகளில் சின்னப் பையில் வாடிப்போய் வரும். சில வாரம் அதுவும் வராது. துளசியைப் போட்டுப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன். கோவில் தீர்த்தத்தில் பாஸ்தாவை ஊறவைத்தது போல இருந்தது.

ஒருநாள் கஜு வாங்க அக்குறணைக்குப் போயிருந்தேன். மசாலாச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். நல்ல மனிதர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நோன்பு நெருங்கிய காலம். நோன்பு திறக்கக் குடிக்கிற பலூடா என்ற பால் பானத்தில் போடுகிற கறுப்புக் கசகசாவைச் சாக்கிலிருந்து அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த விதையைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. ஜெனோவா வீட்டு ஜன்னல் தொட்டியில் பேசில் பூத்துக் காய்ந்தால் உள்ளே இருந்து உதிர்வது இதே விதைதான். கொஞ்சம் வாங்கி வந்து பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் தூவினேன். செல்வி சிரித்தாள். சில நாளில் பச்சை தலை காட்டியது. வளர்ந்த பிறகு ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். அச்சு அசல் அந்த வாசம் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கராம்பு கலந்த மாதிரி. ஆனால் அது பேசில்தான். எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பேன்.

ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போய் நானாவின் கையில் கொடுத்து, உங்கள் சாக்கிலிருந்து வந்தது என்றேன். அவர் நம்பவில்லை. இலையைக் கசக்கினார், முகர்ந்தார், சாக்கைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். கடையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு இலை கிள்ளிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எத்தின நோன்புக்கு இதக் குடிச்சிருக்கேன் தங்கச்சி, இதுக்குள்ள இப்பிடி ஒரு வாசம் ஈக்கிதுண்டு தெரியாதே."

பால் திரைந்த நேரம்

டோஃபுவைக் கடையில் வாங்கலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை ஓடர்காரர்கள் புதிதாக வேண்டும் என்றார்கள், அதனால் வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். செல்விக்குச் சோயா என்றால் பெட்டியில் வருகிற சோயா மீட்தான். சோயா அவரையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தபோதே அவளுக்கு நம்பிக்கையில்லை. முதல் தடவை புளித்த கூழானது. அடுத்த தடவை அடிப்பிடித்தது. பிறகு ஒருமுறை உறையவே இல்லை. அதை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.

அதற்கடுத்த தடவை நான் வெறுத்துப்போய்க் கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் பாலை இறக்கி, கொதி அடங்கவிட்டு, தேசிக்காய், அதாவது எலுமிச்சைச் சாற்றைக் கரண்டி ஓரமாக வழியவிட்டு, கிண்டாமல் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சட்டியின் நடுவில் வெள்ளை மெல்ல ஒதுங்கத் தொடங்கியது. ஒதுங்கிய இடத்தில் இளமஞ்சளாகத் தெளிந்த தண்ணீர். மலையில் மூட்டம் கலைவது போல அது விரிந்துகொண்டே போனது. செல்வி தன்னையறியாமல் கரண்டியோடு கைகூப்பிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கேலி செய்ய வாய் வரவில்லை, என் கையும் கூப்பித்தான் இருந்தது.

"சாமிக்குத் தெர வெலகுற மாதிரி இருக்குக்கா."

கொலகந்த

எங்கள் பார்சல்களை ஏற்றிப்போகிற த்ரீவீல் டிரைவர் பண்டா, சிங்களவர். கொச்சைத் தமிழ் நன்றாகப் பேசுவார். பெஸ்டோவை முதலில் பார்த்ததும் அது கொலகந்த என்று முடிவு கட்டிவிட்டார். காலையில் தெருவோரம் விற்கிற இலைக்கஞ்சிதான் கொலகந்த. இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஒரு கோப்பையில் பெஸ்டோ கலந்த பாஸ்தா போட்டு உட்காரவைத்தேன். சாப்பிட்டார், கோப்பையை வழித்தார், கை கழுவினார். என்னைத் தேற்றுவது போலச் சொல்லிவிட்டுப் போனார்:

"கவலப்படாத அக்கா, நான் பாத்த கொலகந்தயில இதுதான் நல்லது."

ஹுன்னஸ்கிரியவில் ஒரு மருமகள்

செல்விக்கு உறவான பாக்கியம் அக்கா ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மகன் சிவா இத்தாலியில் வேலை பார்த்து, கியாரா என்ற அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு, முதல் தடவையாக வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அக்கா பஸ் ஏறி என்னைத் தேடி வந்துவிட்டார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அந்தப் பிள்ளை என்ன சாப்பிடும், சாப்பிடாமல் வாடிப்போனால் மகன் இனி வருவானா என்று அவருக்குத் தூக்கம் இல்லை. நீங்கள் வந்து அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள், என் வீட்டில் அவள் பசியோடு இருக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாஸ்தா, இலை, கஜு, மிக்ஸி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனேன். போய் இறங்கினால் அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. பெண் வந்து இறங்கியும் ஆயிற்று. பாக்கியம் அக்கா முகம் செத்துப்போனது. அம்மியை எடுங்கள் என்றேன். அவர் உப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இருந்தாலும் எத்தனையோ நாள் மிளகாய் அரைத்த கல், அவ்வளவு லேசில் விடுமா?

அவர் இலையை வைத்து இழுக்கத் தொடங்கினார். பெஸ்டோ என்ற பேரையே அன்றைக்குத்தான் கேட்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்த கியாரா வாசம் பிடித்து எழுந்து வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சிதறுகிற இலைகளை விரலால் கூட்டிக் குழவிக்குக் கீழே தள்ளினாள். அவளுடைய அம்மாவும் கல்லில்தான் அரைப்பாராம், நான் மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள, குழவி நிற்கவே இல்லை. லயத்து வாசலில் கூடியிருந்த சனமும் எட்டி எட்டிப் பார்த்தது.

மிளகாய் உறைப்பு ஏறிய அந்தப் பெஸ்டோவைக் கியாரா இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள். நான் சுத்தமாகச் செய்து கொடுத்த பெஸ்டோவை இப்படி யாரும் சாப்பிட்டதில்லை. பாக்கியம் அக்கா என்னை அடுப்புப் பக்கம் இழுத்துப்போய், ரகசியம் போலச் சொன்னார்:

"பாஷ தெரியாட்டி என்னங்க, கொழவி எந்தப் பக்கம் வரும்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுது."

முதல் வார்த்தை

நடராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யோகம் ரீச்சருக்குப் பாரிசவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. கையில் கொஞ்சம் அசைவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. அதோடு சாப்பாட்டையும் வெறுத்துவிட்டார். கஞ்சிக் கோப்பையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மெதுவாக விழுங்கக்கூடியதாகவும், கஞ்சி மாதிரித் தெரியாததாகவும் ஏதாவது செய்ய முடியுமா என்று ஐயா கேட்டு வந்தார். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

டோஃபுவை வெண்ணெய் போல அடித்து, பெஸ்டோவில் கலந்து, அரிசி அளவில் இருக்கிற குட்டிப் பாஸ்தாவைக் குழைய அவித்துச் சேர்த்தேன். ஐயா தனியாகக் கொடுத்துப் பார்க்கப் பயந்தார், நானும் கூடப் போனேன். ரீச்சர் ஜன்னல் பக்கம் கதிரையில் இருந்தார். பச்சை நிறத்தைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கினார். ஆனால் வாசத்துக்கு வாய் திறந்தது. ஐயா ஊட்டினார். விழுங்கினார். இன்னும் கொஞ்சம். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ரீச்சர் கரண்டியை இடது கையால் தள்ளிவிட்டார். சரி, பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவருடைய உதடு கோணிக்கோணி எதையோ தேடியது.

"உப்புக் காணாது" என்றார் ரீச்சர்.

குழறிய சொல்தான், உப்புப் போதாதாம். ஆனால் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது போல, கண்டிப்பாகச் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவையும் சொன்னார். ஐயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அலுமாரியைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. எனக்கும் கண் மறைத்தது, கோப்பையை விழவிடாமல் பிடித்ததே பெரிய காரியம். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"கேட்டனீங்களே தங்கச்சி, என்ர மனுசி குறை சொல்லிப்போட்டா."

மாவும் இலையும் திரைந்த பாலும்தான் நான் விற்கிற சாமான், அதற்குள் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால், தண்ணீர் கொதிக்கிறது, வேலையைப் பார்க்கவிடுங்கள் என்பேன்.