சிவப்பு மையில் ஒரு டிக்

கட்டம் போட்ட தாளின் ஓரத்தில் நான் சிவப்பு மையில் போட்ட டிக் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. சாந்தோமில் நான் வேதியியல் எடுக்கும் பள்ளியில் அப்போது கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். தினமும் சர்ச்சில் காலைப் பூசை பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். வெறும் வேதிவினைகளால் உயிர் தானாகத் தோன்றியிருக்க முடியுமா என்று மாணவர்கள் முன் நாங்கள் இருவரும் வாதாடுவதாக ஏற்பாடு. முந்தின நாள் மனிதர் தன் கணக்கை என்னிடமே கொண்டுவந்து நீட்டினார். நூறு அமினோ அமிலங்கள் தற்செயலாகச் சரியான வரிசையில் சேர்வதற்கான வாய்ப்பு: ஒன்றுக்குப் பின்னால் நூற்றுமுப்பது பூஜ்யம் போட்டு, அதில் ஒரு பங்கு. "கெமிஸ்ட்ரியில தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். பசங்க முன்னாடி தப்பா சொல்லிடக் கூடாது" என்றார்.

தப்பு எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நூறும் ஒரே வீச்சில் விழவேண்டும் என்று வைத்துக்கொண்டு பெருக்கியிருந்தார். நான் சொல்லவில்லை. பெருக்கல் சரிதானே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, விடைத்தாள் திருத்தும் பேனாவால் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மேடையில் அதே இடத்தில் அடித்தேன். தாயம் ஆடுகிறவர் ஒரே உருட்டில் பழம் எடுக்கப் பார்ப்பாரா, விழுந்த அளவுக்குக் காய் நகராதா என்று கேட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாள் அவர் கையில்தான் இருந்தது. தூக்கிக் காட்டியிருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி சார். காய் உள்ள வர்றதுக்கே முதல்ல தாயம் விழணுமே, அது எப்படி விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. உயிரின் அந்த முதல் படி எப்படி நடந்தது என்பதற்கு இன்றைக்கும் யாருக்கும் முழுசாக விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், "அதுக்கும் உங்க சாமிதானா சார்?" என்றேன். மறுபடி சிரிப்பு. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஓய்வு பெற்று அவர் பாலவாக்கத்தில் இருக்கிறார். போன மாதம் போய், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்காகக் காபியை ஆற்றிக்கொண்டே, "அன்னிக்கே புரிஞ்சுது சார்" என்றார். பிறகு ஏன் தாளைக் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டியிருந்தா, அடுத்த பீரியட் அதே பசங்களுக்கு நீங்க எப்படி சார் பாடம் எடுப்பீங்க?"

அந்தத் தாளை அன்று சாயங்காலமே கிழித்துப் போட்டுவிட்டாராம். நான் இன்னும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், என் கண்ணில் மட்டும் அது கிழியாமல் இருக்கிறது.