டேமேஜ் டப்பாவில் என் கத்தி

என் வீட்டுக்காரருக்கு எதையும் தள்ளிப்போடுவதில் தனித் திறமை உண்டு. சேலத்துக்குப் போய் ஒரு கத்தி வாங்க வேண்டும் என்று நான் சொன்னது ஆடியில். போய்ச் சேர்ந்தது மாசியில். நடுவில் கோழிக்கு ஊசி போடும் நாள் வந்தது, தீவன லாரி வந்தது, நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது, மழை வந்தது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"கத்தி எங்க போயிரப் போவுது?"

எங்கே போய்விடப் போகிறதாம்? யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? நான் கேட்டது ஏதோ ஒரு கத்தி இல்லை. அந்தக் கடையில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

ஜேடர்பாளையம் பக்கம் எங்களுக்கு ஒரு முட்டைக்கோழி ஷெட் இருக்கிறது. விடிந்தால் எனக்குக் கத்தியில்லாமல் ஒரு வேலையும் ஓடாது. தீவன மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலை அறுக்க வேண்டும். முட்டை அட்டைகளைக் கட்டும் நைலான் கயிற்றை நறுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஓட்டையானால் அந்த இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப் போட வேண்டும். இடுப்பில் செருகிக்கொள்ள மடக்குக் கத்திதான் தோது. ஒரு கை மூட்டையைப் பிடித்திருக்கும்போது மறு கையாலேயே திறந்துகொள்ளலாம். என் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் நொட்டாங்கைக்காரி.

இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்று நாகரிகமாக எழுதலாம்தான். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியிலேயே அடித்து அடித்து எழுதுவதை வலக்கைக்கு மாற்றினார்கள். சாப்பிடுவதை வீட்டில் மாற்றினார்கள். திருநீறு வாங்குவது, விளக்கேற்றுவது, விருந்தாளிக்குத் தண்ணீர்ச் செம்பு நீட்டுவது எல்லாம் மாறிவிட்டன. கத்தி, அரிவாள் பிடிப்பதும் காசு எண்ணிக் கொடுப்பதும் மட்டும் மாறவில்லை. வலக்கையில் கத்தியைப் பிடித்தால் எனக்குக் கோணல்மாணலாகத்தான் வெட்ட வரும்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் விற்கிற மடக்குக் கத்தி எல்லாமே வலக்கைக்காரர்களுக்குச் செய்தவை. கட்டைவிரலால் தள்ளித் திறப்பதற்கு அலகில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். வலக்கையில் பிடித்தால் அது கட்டைவிரலுக்கு நேராக வரும். இடக்கையில் பிடித்தால் எட்டாமல் அந்தப் பக்கம் போய்விடும். திறந்த கத்தியை மடக்குவதற்கு அமுக்குகிற தகடும் அதே கதைதான். ஒருநாள் மூட்டை அறுத்துக்கொண்டிருந்தபோது என் விரல் எனக்கே தெரியாமல் அந்தத் தகட்டில் அழுந்தி, கத்தி படக்கென்று மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தையல் போட்ட டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?

"சோத்தாங்கைல வேலை செஞ்சிருந்தா இப்படி ஆயிருக்குமாம்மா?"

விரல் பிளந்து கிடக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது! தப்பு கத்தியின் மேல் இல்லையாம், என் கையின் மேலாம். மரத்துப்போவதற்குப் போட்ட ஊசியைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு வலித்தது.

அதற்குப் பிறகுதான் ஃபோனில் அந்த வீடியோ வந்தது. சேலத்தில் மடக்குக் கத்திக்கென்றே ஒரு தனிக்கடை. கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, இது எந்த ஊர் எஃகு, எத்தனை வருஷம் மழுங்காது என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் அலமாரி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும், அதன் மேல் பச்சைப் பிடி போட்ட ஒரு கத்தியும் தெரிந்தன. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். குமிழ் என் பக்கம் இருந்தது.

"வீடியோல எல்லாம் பக்கம் மாறித் தெரியும் புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"அப்படின்னா செவுத்துல இருக்கற காலண்டர் எழுத்து மட்டும் எப்படீங்க நேராத் தெரியுது?" என்று கேட்டேன். கையோடு கடைக்கு ஃபோன் போட்டு, இடக்கைக்கு ஏற்ற கத்தி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "அப்படியெல்லாம் கத்தி வராதுங்க்கா. கத்திக்கு ஏதுங்க சோத்தாங்கை, நொட்டாங்கை?" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருடைய கடையில், அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே கிடக்கிறது, இல்லை என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து மாசி வரை, கோழிக்குத் தீவனம் கொட்டும் நேரமெல்லாம் அந்தப் பச்சைப் பிடிதான் கண்ணுக்குள் நின்றது. யாரோ வாங்கிப்போய்விட்டதாகக் கனவுகூட வந்தது.

ஒருவழியாக ஒருநாள் திருச்செங்கோடு போய் அங்கிருந்து சேலம் பஸ் ஏறினோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டேன். "கத்தி வாங்கறதுக்கு எதுக்குப் பட்டு?" என்று கேட்டவரை நான் பார்த்த பார்வையில் சங்ககிரி வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை.

கடை ஒரு மாடியில் இருந்தது. நாங்கள் படியேறும்போதுதான் கதவைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, பெட்டி முழுக்கக் கத்தி. மான்கொம்புப் பிடி மாதிரி ஒன்று, விரல் நீளத்தில் ஒன்று, பாக்குவெட்டி போல் வளைந்த ஒன்று. உண்மையைச் சொல்கிறேன், கோபத்தை எல்லாம் மறந்து ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவ்வளவு அழகு.

"வாங்கண்ணா, வாங்க! நீங்கதான் இன்னைக்கு மொதப் போணி. என்ன மாதிரி பாக்கறீங்க?"

கேட்டது என்னை இல்லை, என் வீட்டுக்காரரை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிற மனிதரை! அவர் பாவம், "எனக்கில்லீங்க, இவளுக்குத்தான்" என்றார். கடைக்காரர் உடனே ஒரு ரோஸ் கலர் பிடி போட்ட குட்டிக் கத்தியை எடுத்து வைத்தார்.

"அக்காவுக்கு இது நல்லாருக்கும். ஆப்பிள் நறுக்கறதுக்குன்னே வந்தது."

"எங்க தோட்டத்துல ஆப்பிள் காய்க்கறதில்லீங்க" என்றேன். "பச்சைப் பிடி போட்டது ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதை எடுங்க."

எது எது என்று தேடினார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பச்சை எல்லாவற்றையும் காட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்த பிளாஸ்டிக் டப்பா மேஜைக்குக் கீழே இருப்பதைப் பார்த்து நானே கையைக் காட்டினேன். அதை எடுத்து மேலே வைத்தார். மூடியில் பட்டையான மையால் 'டேமேஜ்' என்று எழுதியிருந்தது. உள்ளே முனை உடைந்தது, திருகு கழன்றது, பிடி வெடித்தது எல்லாம் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்குள் என் கத்தியும் கிடந்தது.

"இதுங்களா! இது வேண்டாங்க்கா. குமிழும் தகடும் பக்கம் மாறி வந்துருச்சு. கம்பெனிக்காரன் பண்ணுன தப்பு. திருப்பி அனுப்பலாம்னு எடுத்துப் போட்டேன், மறந்து போச்சு. பாருங்க, தொறக்கவே வராது."

வலக்கையில் பிடித்துக்கொண்டு தள்ளிக் காட்டினார். கட்டைவிரல் வெறும் இரும்பில் வழுக்கியது. இன்னொரு தடவையும் வழுக்கியது. சிரித்துக்கொண்டே அதை மேஜை மேல் வைத்தார். உலகத்தில் உள்ள எஃகு எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லத் தெரிந்த மனிதர். கத்தி பிடிக்கிறவர்களில் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் அதை இடக்கையில் எடுத்தேன். கட்டைவிரலை வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, குமிழ் அங்கேயே இருந்தது. டக்கென்று திறந்துகொண்டது. மடக்கினேன், மறுபடியும் திறந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வயதுக்கு என் கைக்கென்று ஒருவன் ஒரு பொருளைச் செய்து அனுப்பியிருப்பதை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன்.

"அட, நொட்டாங்கைங்களா!" என்றார் கடைக்காரர். "அப்பச் சரி. டேமேஜ் பீஸு, போணி நேரம் வேற. பாதி விலைக்கு எடுத்துக்கங்க்கா."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "பாதி வெலையா! எடுத்துக்க புள்ள, எடுத்துக்க."

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். ஏனென்றால் இதே கணக்கை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி அம்மா பழக்கியிருந்தாள். அதில் ஒரு குறையும் வைக்காமல் கொடுத்து முடித்தேன். அப்புறம் மாப்பிள்ளை வீட்டு அம்மா, அதாவது பின்னால் எனக்கு மாமியாரானவர், ஒரு பந்து மல்லிகையை என் மடியில் போட்டு, "எல்லாருக்கும் அறுத்துக் குடு சாமி" என்றார். பக்கத்தில் கத்தி இருந்தது. நான் யோசிக்காமல் எடுத்து அறுக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு துண்டு அறுத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் என் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவை வாங்க ஒருத்தியும் கை நீட்டவில்லை. மறுநாள் தரகர் வந்து, பேசியதற்கு மேல் இன்னும் இரண்டு பவுன் கேட்கிறார்கள் என்றார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போட்டார். மாப்பிள்ளையும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மாப்பிள்ளைதான் இப்போது என் பக்கத்தில் நின்று, பாதி விலை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

"முழு வெலை போடுங்க" என்றேன்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. "என்னங்க்கா, கொறைச்சுத் தாரேன்னு சொன்னாச் சண்டைக்கு வாரீங்க?"

"எதுக்குங்க கொறைக்கறீங்க? இதுல என்னங்க கொறை? முனை ஒடஞ்சிருக்குதா, துரு ஏறியிருக்குதா? உங்க கைக்கு வரலைன்னா அது டேமேஜா?"

"அதில்லீங்க்கா..."

"சும்மா உடு புள்ள, நல்ல மனசுலதான சொல்றாரு" என்றார் வீட்டுக்காரர்.

அவர் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, அன்னைக்கு உங்க ஊட்டுல ரெண்டு பவுனு சேத்திக் கேட்டீங்களே, அதும் நல்ல மனசுலதானுங்களா? நானும் இந்த டப்பாவுல கெடந்த பீஸுதானுங்களே?"

அவர் முகத்தைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கடைக்காரர் முழு விலைக்கே பில் போட்டார். நான் பணத்தை எண்ணி எடுத்து இடக்கையால் நீட்டினேன். அவர் கை பாதி வந்து நின்றுவிட்டது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. போணி பாருங்க. சோத்தாங்கைல குடுத்துருங்க."

இடக்கைக் கத்தியை விற்கிறவருக்கு இடக்கைக் காசு ஆகாதாம்! என்ன அநியாயம் இது!

"முடியாதுங்க."

"அப்ப இந்த அட்டையை ஃபோன்ல ஸ்கேன் பண்ணிருங்க. எந்தக் கையும் வேண்டாம், நேரா வந்துரும்."

"கத்தியை இந்தக் கைதான வாங்குச்சு? காசும் இதுதான் குடுக்கும்."

என் கை நீட்டியபடியே இருந்தது. அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அண்ணா, நீங்களாவது வாங்கிக் குடுங்கண்ணா." அதுதான் எல்லோருக்கும் சுலபமான வழி. இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கோயிலில் தட்டில் காசு போட வேண்டுமென்றால், கல்யாண வீட்டில் மொய் எழுத வேண்டுமென்றால், என் கையிலிருந்து வாங்கி அவர் கையால் கொடுத்துவிடுவார். இப்போதும் அவர் கை வரும் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தால் கத்தியை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கியிருப்பேன். அவ்வளவு மாதம் காத்திருந்த கத்தியை நிச்சயமாக விட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவ காசு. அவதான் குடுப்பா. வாங்குங்க" என்றார்.

கடைக்காரர் படிப் பக்கம் பார்த்தார். வேறு ஆள் யாரும் வரவில்லை. மெல்லக் கை நீட்டி, என் இடக்கையிலிருந்து நோட்டுகளை வாங்கினார். வாங்கியவர் முதல் போணிக் காசுக்குத் தினமும் செய்வதைப் போலவே, பழக்கத்தில், இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். நோட்டுகள் நெற்றிக்குப் பக்கத்திலேயே நின்றன.

"சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

எண்ணிப் பார்த்துவிட்டு, கல்லாவில் போட்டார்.

"சரியா இருக்குங்க்கா" என்றார்.