எடைக்குப் போட்ட செய்தி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் போகவில்லை. எந்த ர எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமாவது சொல்லி எழுத வைத்திருக்கலாம். ஒரு முறை அப்படி எழுதினார்கள். நான் சொன்னது அதில் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைக்கு ஏறும் சாலையில் ஒரு டீக்கடையில் மாஸ்டராக இருக்கிறேன். கடை என்னுடையதல்ல. எனக்கு ஆட்களோடு பேச வராது. டீ ஆற்றும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை ஒத்துவந்தது.

ஒரு நிருபர் தினமும் கடைக்கு வருவார். என்னைவிடச் சின்னவர். ஒரு தினசரிக்குச் செய்தி அனுப்புவார். அதில் வருவது பெட்ரோலுக்கே போதாது என்று கல்யாணங்களில் போட்டோ எடுப்பார். "மாஸ்டர், இன்னிக்கு மழ வருமா?" என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டுவதையே பதிலாக எடுத்துக்கொள்வார். என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதவர் அவர் ஒருவர்தான்.

ஆடி மாதத்தில் அவர் மலையில் ஒரு சிற்றூருக்குப் போய்வந்தார். அந்த ஊருக்குத் தார்ச்சாலை போட்டாயிற்று என்று பெயர்ப்பலகை நிற்கிறது. பலகைக்குப் பின்னால் கல்லும் பள்ளமும்தான். பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பில் துணி கட்டி டோலியாகத் தூக்கி வந்தார்கள். அதை அந்தப் பலகையோடு சேர்த்துப் படம் எடுத்தார். சாலைப் பணத்தை ஒப்பந்தக்காரரும் அதிகாரிகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது.

வந்தது என்றுதான் பேர். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் படிக்கவில்லை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காலையிலேயே ஜீப்பில் வந்து பேப்பர் கட்டை அப்படியே விலைக்கு வாங்கிவிட்டார்கள். எங்கள் கடையில் ஒரு பெரியவர் கையிலிருந்த தாளையும் உருவினார்கள்.

"யோவ், ராசிபலன் பாத்துக்கினு இருக்கேன்யா."

"உன் ராசிக்கு இன்னிக்கு பேப்பர் படிச்சா ஆவாது தாத்தா."

நிருபர் அன்று டீயைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார். "செல்போன்ல வந்துடும் மாஸ்டர். ஆனா அவங்க ஊருல டவர் ஏது?" என்றார்.

ஆனால் அவர்கள் ஒரு தப்பு செய்தார்கள். அந்தப் பேப்பர் கட்டுகளை எரிக்கச் சொல்லி ஜீப் டிரைவரிடம் கொடுத்திருக்கிறார்கள். எரித்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்? சின்னசேலத்தில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். எங்கள் முதலாளி போண்டா மடிக்கப் பேப்பர் வாங்குவதும் அங்கேதான். யார் போட்டது என்று அந்தக் கடைக்காரரே அவரிடம் சொன்னார். மடிப்புக் கலையாத தாளாகக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். நான் கிழித்து அடுக்கினேன்.

மலைக்கு ஆள் ஏற்றும் வாடகை ஜீப்புக்குக் காத்திருந்தவர்களில் ஒருவர் போண்டாவின் எண்ணெயை ஒற்றிவிட்டுத் தாளை விரித்தார்.

"டேய், இது நம்மூரு போர்டுடா."

"மொதல்ல தின்னுடா. போர்டு எங்க ஓடிடப் போவுது?"

"டோலி தூக்கறது என் மச்சான்டா!"

அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. "மாஸ்டரு, போண்டா வாணாம், பேப்பர மட்டும் குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். எண்ணெய்க் கறையோடு செய்தி ஜீப்பேறி மலைக்குப் போனது. அடுத்த வாரம் ஆணும் பெண்ணுமாக இறங்கி வந்து, அதே தாள்களைப் பிடித்துக்கொண்டு அதிகாரியின் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று ஒப்பந்தக்காரருக்கு விளங்கவில்லை. நிருபர்தான் பேப்பரைத் திரும்ப வரவழைத்துப் பரப்பினார் என்று முடிவுகட்டிவிட்டார். டிரைவர் வாயே திறக்கவில்லை.

ஒரு மத்தியானம், நிருபர் எங்கள் கடை பெஞ்சில் இருந்தபோது அந்த ஆட்கள் வந்தார்கள்.

"இன்னாடா, நாங்க காசு குடுத்து வாங்குனத ஊரு பூரா வுட்டுக்கினு இருக்கியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எந்தக் கையிலடா எழுதுவ?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். வலது கையைப் பெஞ்சில் அழுத்திப் பிடித்து இரும்புக் குழாயால் அடித்தார்கள். நான் ஓடிப்போய் அவர்மேல் குனிந்தேன். என்னைத் தள்ளியதில் அடுப்பு மேடையில் இடித்து முழங்கை கிழிந்தது. "அவரு இல்லீங்க, உங்க டிரைவருதான் எடைக்குப் போட்டாரு" என்றேன். காதில் வாங்க அவர்களுக்கு மனமில்லை. அவருடைய செல்போனை மிதித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மறுநாளே ஒப்பந்தக்காரர் கொடுத்த புகாரில் அவர்மேல் வழக்கு. செய்தி போடாமல் இருக்கப் பணம் கேட்டு மிரட்டினாராம். வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாராம். அடித்ததைப் பார்த்தவர் யாராவது சொன்னால்தான் அவர் ஜெயிலுக்குப் போகாமல் தப்ப முடியும். பார்த்த மற்றவர்கள் அன்று தாங்கள் ஊரிலேயே இல்லை என்றார்கள்.

ஸ்டேஷனில் நான் நின்றுகொண்டே சொன்னேன். எழுத்தர் எழுதினார். நான் முடிப்பதற்கு முன்பே அவர் முடித்துவிட்டார். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இன்னாய்யா, பரீட்சைக்கா படிக்கிற? போடு கையெழுத்த."

நிருபர் வண்டியிலிருந்து விழுந்ததை நான் பார்த்தேன் என்று இருந்தது.

"நான் இப்படிச் சொல்லலீங்க."

"நீ சொன்னா மட்டும் இன்னா ஆவப்போவுது? டீ ஆத்துற வேலையப் பாரு."

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். பார்த்ததைக் கோர்ட்டிலேயே சொல்லலாமா என்று முதலாளியிடமும் வீட்டிலும் கேட்டேன்.

"உன்ன நான் தடுக்க மாட்டேன். ஆனா அவனுங்க வந்து கடைய ஒடச்சா நான் இன்னா பண்றது, நீயே சொல்லு" என்றார் முதலாளி. நியாயம்தான். "சொன்னா நம்ம வூட்டயும் வுடமாட்டானுங்க" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லலன்னா அந்த மனுசனுக்கு யாரு இருக்கா" என்றும் அவளே சொன்னாள்.

கோர்ட்டில் எல்லார் முன்னாலும் பேச வேண்டியிருக்கும், எதிர் வக்கீல் கத்துவார் என்று நிருபரின் வக்கீல் சொன்னார். கூட்டத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு நா எழாது. நிருபர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார். "மொதல்ல எழுதிப் பாருங்க மாஸ்டர். எழுதிட்டா சொல்றது சுளுவு" என்றார்.

பல நாள் தள்ளிப்போட்டேன். நேற்று ஒப்பந்தக்காரர் ஆட்களின் ஜீப் கடைக்கு எதிரே வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை, டீயும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்று வேலைக்குப் போகாமல் எழுத உட்கார்ந்தேன்.

வக்கீலுக்கு வேண்டியதைப் பெயர்களோடு தனியாக எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அதோடு கோர்ட்டுக்குப் போகிறேன். இது ஊர் படிப்பதற்காக. பெயர்களை இதில் விட்டுவிட்டேன். நான் சொன்னது இதுதான். வேறு ஏதாவது தாளில் வேறு மாதிரி இருந்தால், அது நான் சொன்னதல்ல.

எழுதியது, ஐப்பசி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை.