புட்டு மாவில் ஒரு நியோக்கும்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மறதியும் உண்டு. முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில், வோபர்னில் எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை நியிஷி இனத்தவள். இந்தியாவின் வடகிழக்கில், அருணாசலப் பிரதேச மலைப்பக்கம் ஊர். நான் கனகாலம் அவளைச் சீனப் பிள்ளை என்று நினைத்து, லிப்ட் வாசலில் தலையை மட்டும் ஆட்டிவந்தேன். ஒருநாள் தமிழ்க் கடையில் காசு வாங்கும் இடத்தில் நின்று, "அன்ரி, பை வேணுமோ?" என்றாள். வேலைசெய்தே எங்கள் தமிழைப் பிடித்திருக்கிறாள். நான் வெட்கத்தில் பையும் வாங்காமல் கத்தரிக்காயைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்தேன்.

இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை முடிந்து வந்த முதல் மாசி அது. எங்கள் கட்டடத்தில் அந்த வருடம் பொங்கலும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. அவள் வந்து, நியோக்கும் என்ற தங்கள் திருநாளுக்கு அழைத்தாள். வருகிறவர்களின் முகத்தில் நனைத்த அரிசிமாவைப் பூசி வரவேற்பார்களாம்.

"போன வருசமும் எல்லாருக்கும் சொன்னனான் அன்ரி. ஒருத்தரும் வரேல்லை. மா காஞ்சுபோச்சு."

போன மாசியில் நாங்கள் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பதாகைகளோடு தெருவில் நின்றோம்.

"நாங்கள் இந்த வருசம் ஒண்டும் கொண்டாடுறேல்லைப் பிள்ளை," என்றாள் என் மகள்.

"இது கொண்டாட்டம் மட்டும் இல்லை அக்கா. பூமியிலை இருக்கிற எல்லாச் சனத்துக்கும் நல்லது கேக்கிறது. உங்கடை சனத்துக்கும்தான். நானும் அவரும் மட்டும் கையைப் பிடிச்சால் ஆட வட்டம் வராது."

நான் முந்திக்கொண்டு, "மா நான் தாறன்," என்றேன். மாவைக் கொடுத்துவிட்டால் போகத் தேவையில்லை என்று கணக்கு.

நல்ல பெயர் எடுக்கவேண்டுமே. சிவப்பரிசியை ஊறவைத்து அரைத்து, மணம் வர வறுத்து, அரித்தேன். திருநாளன்று அவள் வாசலில் நீட்டிவிட்டு ஓடத்தான் போனேன். அவள் கழுத்து நிறைய மணிமாலையோடு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். தோட்டத்துக்கு விற்கும் மூங்கில் தடிகளைப் பூசைக்குக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பிரம்புத் தொப்பி போட்ட கணவன் தொலைபேசியைப் பிடித்திருக்க, அதற்குள் அவர்கள் ஊர்ப் பூசாரி ஓதிக்கொண்டிருந்தார். ஊரில் மிதுன் என்ற மாட்டைப் பலி கொடுப்பார்களாம். இங்கே கடைக் கோழி. நான் கைகூப்பிக் கண்ணை மூடி, கற்பூரம் காட்டுவார்கள் என்று நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"அன்ரி, நித்திரையோ?"

பிறகு மாவைச் சட்டியில் போட்டு நனைத்தாள். சேறு மாதிரி வந்தது. பச்சை அரிசிமா, வெள்ளையாக இருக்கவேண்டுமாம். எங்களுக்கோ வறுத்தால்தான் மா.

"அன்ரி, இது புட்டு மா எல்லோ. நான் கடையிலை விக்கிறனான்." சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் பூசினாள். "பரவாயில்லை. இனி வாற ஆக்களுக்குத் தேங்காய்ப்பூவும் போடுவம்."

கோப்பையில் வெள்ளையாக ஏதோ தந்தாள். புளித்த கஞ்சி என்று குடித்து, நல்லாயிருக்கென்று இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். அது அரிசிக் கள் என்று மகள் பிறகு சொன்னாள்.

வேறு ஒருவரும் வரவில்லை. அவள் கதவையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "காயத் துடங்குது," என்றாள் மெதுவாக.

ஆள் இல்லாத லிப்ட் வரும்வரை காத்து நிற்கிறவள் நான். அன்றைக்கு வெளியே போய்க் கதவு கதவாகத் தட்டினேன்.

"அம்மா, முகத்திலை என்ன?" என்றாள் மகள்.

"புட்டு மா. வா."

சண்டை முடிந்ததிலிருந்து வெளியே வராத கோடிவீட்டு அண்ணை கதவை அரைவாசி திறந்தார். "என்ன தங்கச்சி, குழாய் கிழாய் உடைஞ்சுபோச்சோ?"

"எல்லாச் சனத்துக்கும் நல்லது கேக்கினம் அண்ணை. வட்டத்துக்கு ஆள் காணாது."

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடேயே வந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர். கையைக் கோத்தோம். நான் எல்லோருடைய காலையும் மிதித்தேன். பிள்ளை ஆடிக்கொண்டே அழுதாள், சிரித்தாள்.

வட்டம் எந்தப் பக்கம் சுற்றவேண்டும், மூங்கிலை எப்படிக் கட்டவேண்டும் என்பதை நியிஷி ஆட்கள் யாராவது பார்த்துத் திருத்தித் தாருங்கள். நான் கண்டது கள்ளுக்குப் பிறகு. சட்டியில் மா மிஞ்சவில்லை என்பதை மட்டும் திருத்தவேண்டாம். அண்ணைக்குப் பூச அதை வழித்துக் கொடுத்தது நான்தான்.