கறுப்புச் சேலைக்கு மேலே

பிளாரன்ஸ் தன் புருஷன் பர்னபாஸைப் பறிகொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. வருஷம் திரும்பும்வரை கறுப்புச் சேலைதான் உடுத்துவது, தினமும் விடியுமுன்னே மாதா கோயிலுக்குப் போய் அவர் ஆத்துமாவுக்காகப் பூசை காண்பது என்று இரண்டு முடிவு எடுத்திருந்தாள். எழுபது வயசில் அவள் எடுத்த முடிவை மாற்ற அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே துறைமுகத்துக்குப் போகிற சாலை. நடைபாதை என்று பேருக்கு ஒன்று உண்டு. அதில் பைக் நிறுத்தலாம், டீக்கடை பெஞ்சு போடலாம், ஜல்லி கொட்டலாம்; மனுஷர் நடக்கத்தான் தோதில்லை. அதைப் போட்ட மகராசன் மூட்டுவலியோடு ஒருநாள் ஏறி இறங்கிப் பார்த்திருந்தால் தெரியும். அதனால் பிளாரன்ஸ் சாலையோரமாகவே நடப்பாள்.

அன்று தெருவிளக்கு எரியவில்லை. அவள் பாதிச் சாலையைக் கடந்தபோது கன்டெய்னர் லாரி ஒன்று கிறீச்சிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார். திட்டத்தான் வந்தார். ஆனால் வயசானவளைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

“ஆச்சி, கறுப்புச் சேலையக் கெட்டிக்கிட்டு இருட்டுக்குள்ள வாரியளே! ஆளே தெரியலையே!”

சேதி அவளுக்கு முன்னே வீட்டுக்குப் போய்விட்டது. மகள் ரீனா வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

“ஒண்ணு சேலைய மாத்துங்க, இல்ல டிவில பூச பாருங்க. அப்பாவ அனுப்பியாச்சு. உங்களையும் அனுப்ப என்னால முடியாதும்மா.”

பிளாரன்ஸுக்குச் சுருக்கென்றது. மகள் சொல்வது நியாயம்தான். ஆனால் வருஷம் திரும்பாமல் கறுப்பைக் கழற்றுவதா? புருஷனுக்கான பூசையை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதா? அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் பீரோவைத் திறந்து பர்னபாஸின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அடியில், அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது போட்ட ஆரஞ்சு மேல்சட்டை கிடந்தது. வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டைகள் அதில் இன்னும் அப்படியே இருந்தன.

மறுநாள் கறுப்புச் சேலைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முழங்கால்வரை தொங்கியது. ரீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாசல் தெளித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு முத்துமாரி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன மதினி, ஹார்பருக்கு வேலைக்குக் கெளம்பிட்டியளா?”

“ஆமா, ஒங்க அண்ணன் லீவுல்லா.”

சாலையில் வந்த லாரி அவளைத் தூரத்திலேயே பார்த்து, வேகம் குறைத்து நின்றது. பர்னபாஸ் உயிரோடிருந்தபோது சாலை கடக்கக் கையைப் பிடித்தால், நாலு பேர் பார்ப்பார்கள் என்று உதறிவிடுவாள். இன்று அவர் சட்டையின் இரண்டு முனைகளையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் கடந்தாள்.